காடை சுத்தம் செய்ய ஏற்ற கத்தி: குறைந்த செலவில் பார்த்து வாங்க முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் கோயில் கொடை முடிந்த மறுநாள் காலையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு காட்சி உறுதி. வாசலில் நாலைந்து சேவல் கிடக்கும். சுற்றிலும் ஆறேழு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் தேங்காய் வெட்டுகிற அருவாள். இன்னொருவர் கையில் பிடி போய்த் துணி சுற்றிய காய்கறிக் கத்தி. பக்கத்து வீட்டு மைனி அருவாமனையையே தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அத்தனை இரும்பு இருந்தும், குடலை எடுக்க வயிற்றைக் கீறும் இடம் வந்ததும் எல்லாரும் திணறுவார்கள். ஒரு கொடைக்கு இதைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா சொன்னார்: “வெட்டுறதுக்கு எல்லாம் இருக்குலே நம்ம வீட்டுல. அறுக்குறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.”

அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது காடை சுத்தம் பண்ணத் தொடங்கிய பிறகுதான். என் மச்சான் கடையம் பக்கம் கூண்டு போட்டுக் காடை வளர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனால் பத்து, பன்னிரண்டு என்று பிடித்துக் கொடுத்துவிடுவான். சுத்தம் செய்வது என் பாடு. முதல் இரண்டு மாதம் கிழித்தேன், நசுக்கினேன், பித்தப்பையை உடைத்தேன், கையையும் வெட்டிக்கொண்டேன். கத்தி வாங்குகிறேன் என்று வீணாகச் செலவும் செய்தேன். இன்றைக்கு நான் வைத்திருப்பது ஒரு சின்னக் கத்தி, ஒரு கத்தரி, ஒரு சாணைக்கல். மூன்றுக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. அந்த மூன்றையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழக்குவது என்று முழுதாகச் சொல்கிறேன்.

எந்தப் பறவைக்கு?

கத்திக்கு முன்னால் ஒரு விஷயம். வேட்டைப் பறவை என்றதும் நம்மூர் ஆட்களுக்குக் கவுதாரியும் காட்டுக்காடையும்தான் நினைவுக்கு வரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். காட்டுக்கோழி, மயில், குளத்துக்கு வரும் நீர்ப்பறவைகள் எல்லாவற்றுக்கும் அதேதான். சாலையோரம் கூண்டோடு நின்று யாராவது கவுதாரி வேண்டுமா என்று கேட்டால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத கூந்தன்குளம் கிராமமும் நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே இங்கே பேசப்போவது பண்ணையில் வளரும் ஜப்பான் காடை, கினிக்கோழி, வாத்து, வான்கோழி, வீட்டு நாட்டுக்கோழி ஆகியவற்றைப் பற்றி மட்டும். அதிலும் காடைக்குத்தான் முதலிடம். காடைக்குச் சரியாக வரும் கத்தி நாட்டுக்கோழிக்கும் பெரும்பாலும் வந்துவிடும். கோழிக்கு வாங்கியது காடைக்கு வராது.

ஏன் வராது என்றால், அளவைப் பாருங்கள். பண்ணைக் காடை ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வரும்போது உயிரோடு சுமார் 180 முதல் 200 கிராம் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். நெஞ்செலும்பு பாக்குச் சீவல் கனம்தான். தோல் ஈரமான டிஷ்யூ பேப்பர் மாதிரி. வயிற்றுத் தோலுக்கும் குடலுக்கும் நடுவே நெல்மணி கனத்துக்குக்கூட இடம் இருக்காது. இந்த இடத்தில் வேலை செய்யப் போகிற கத்தி, உங்கள் ஆள்காட்டி விரலின் நீட்சி மாதிரி இருக்க வேண்டும். முனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிய வேண்டும்.

அருவாமனை இருக்கும்போது கத்தி எதற்கு?

நியாயமான கேள்வி. மீன் ஆய்கிற கைகளுக்கு அருவாமனை மாதிரி ஒன்று கிடையாது. இரண்டு கையும் பொருளைப் பிடித்திருக்க, இரும்பு ஒரே இடத்தில் நிற்கும். கோழியைத் துண்டு போட எங்கள் அம்மா இன்றைக்கும் அருவாமனைதான். துண்டு போடுவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், நான் மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் காடையின் வயிற்றைத் திறக்கும்போது முனையை உள்ளே விட்டு, வெட்டுவாய் மேலே பார்க்கும்படி திருப்பி, தோலை மட்டும் தூக்கி அறுக்க வேண்டும். அருவாமனையில் முனைக்கு வேலையே இல்லை. பறவையைக் கொண்டுபோய் இரும்பில் தேய்த்தால் தோலோடு குடலும் அறுபடும். அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அந்த வாடை போகாது.

அளவு: ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம்: கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களைச் சேர்த்து வையுங்கள். அந்த அகலம்தான் வெட்டுவாயின் நீளம். பெரும்பாலானவர்களுக்கு 3 அங்குலத்தை ஒட்டி வரும். காடைக்கு 3, நாட்டுக்கோழியும் கினிக்கோழியும் சேர்த்துச் செய்வீர்கள் என்றால் 4 வரை போகலாம். 4 அங்குலத்துக்கு மேல் போனால் முனை கைக்குக் கட்டுப்படாது.

கனம்: கத்தியின் முதுகை மேலிருந்து பாருங்கள். ஒரு ஏடிஎம் கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். இரண்டு கார்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர். கத்தியின் முதுகு அந்த இரண்டு கார்டு கனத்துக்குள் இருந்தால் காடைக்கு ஏற்றது. மூன்று கார்டு என்றால் நாட்டுக்கோழிக்கு ஆகும். நாலு கார்டைத் தாண்டினால் அது விறகு பிளக்கிற சாதி, வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அகலம்: முதுகிலிருந்து வெட்டுவாய் வரை 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அகலமான கத்தி காய் நறுக்க நல்லது. காடையின் வயிற்றுக்குள் அதைத் திருப்ப முடியாது.

முனை கூர்மையாக வேண்டும். ஆனால் ஊசி மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்கும் முனை வேண்டாம். முதுகு நேராகவோ லேசாகக் கீழ்நோக்கி இறங்கியோ முனையில் முடிவது நல்லது. ஆள்காட்டி விரலை முதுகின் மேல் வைத்தால் முனை விரல் நுனிக்கு நேராக வரும்.

இரும்பு: காந்தம் சொல்லும் கதை

எவர்சில்வர் கத்தி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு ஜாதி உண்டு. சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் செய்கிற எவர்சில்வரில் குரோமியத்தோடு நிக்கலும் இருக்கும். துருவே பிடிக்காது. ஆனால் எத்தனை சூடு காட்டினாலும் அது கெட்டிப்படாது. அதில் கத்தி செய்தால் இரண்டு காடைக்கு மேல் கூர் தாங்காது. கத்திக்கென்று உள்ள எவர்சில்வரில் கரி (கார்பன்) கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நிக்கல் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். சூடேற்றிக் குளிர்வித்தால் கெட்டிப்படும்.

இரண்டையும் பிரிக்க எளிய வழி, ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் காந்தம். கத்தியின் வாயில் ஒட்டவில்லை என்றால் அது கரண்டி இரும்பு, வேண்டாம். நன்றாக ஒட்டினால் கெட்டிப்படக்கூடிய இரும்பாக இருக்கலாம். அதை ஒழுங்காகச் சூடுகாட்டினார்களா என்பதைக் காந்தம் சொல்லாது. வெறும் தகரமும் ஒட்டத்தானே செய்யும்.

கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். மலிவாகவும் நம்பகமாகவும் உள்ள சமையல் கத்திகள் 54 முதல் 56 வரை இருக்கும். விலை உயர்ந்த ஜப்பான் கத்திகள் 60ஐத் தாண்டும். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் எலும்பில் பட்டு லேசாகத் திருகினால் வாய் சில்லு சில்லாக உதிரும். நமக்கு 55 போதும். பன்னிரண்டு காடை செய்து முடித்ததும் கூர் மங்கும், லேசாகத் தீட்டினால் திரும்ப வரும். மலிவான மெல்லிய கத்தியின் பெரிய வசதியே இதுதான்.

கடையில் கிடைப்பவை

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் பாத்திரக் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே நூறு ரூபாய்க்கு உள்ளேயே பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்திகள் கொத்தாகத் தொங்கும். இவற்றில் பாதி உருப்படியானவை, பாதி குப்பை. மேலே சொன்ன அளவையும் காந்தத்தையும் வைத்துப் பிரித்தால் நாலைந்து மிஞ்சும். அந்த நாலைந்தை இப்படிப் பாருங்கள்:

வாயை உங்கள் பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியால் குறி பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். வாய் நேர்கோடாக இருக்கிறதா? பாம்பு மாதிரி வளைந்தால் கல்லில் பாதி இடம் படாது. வாயில் எங்காவது வெள்ளைக் கோடாக மின்னினால் அந்த இடம் மழுங்கல். அதைத் தீட்டிக்கொள்ளலாம், வளைவைத்தான் சரிசெய்ய முடியாது.

முனையை மேசையில் வைத்து லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் வளைந்து, விட்டதும் நேராக நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் சூடு காட்டாத இரும்பு. இதைக் கடைக்காரர் பார்க்கும்படி செய்யாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது பிடி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கடையில் கை காய்ந்திருக்கிறது, எந்தப் பிடியும் பிடிக்கும். வீட்டில் கையில் ரத்தமும் கொழுப்பும் தண்ணீரும் இருக்கும். அதனால் நான் கத்தி பார்க்கும்போது உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பிடித்துப் பார்ப்பேன். வழவழவென்று பாலிஷ் போட்ட பிடி உடனே வழுக்கிவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி நிற்கும். பிடியும் வாயும் சேரும் இடத்தில் விரல் முன்னால் வழுகாமல் தடுக்க சின்ன மேடு இருந்தால் நல்லது. ஆணி அடித்த மரப்பிடியில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து இருந்தால் வேண்டாம். அந்தச் சந்தில் ரத்தம் போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவ முடியாது.

ரம்பப் பல் வைத்த கத்தி வேண்டாம். ஈரத் தோலை முதலில் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் அறுக்காமல் கிழிக்கும். மழுங்கினால் வீட்டுக் கல்லில் தீட்டவும் முடியாது.

கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்றால் சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் செய்யும் 8 சென்டிமீட்டர் சின்னக் கத்தி இந்த வேலைக்கே செய்தது மாதிரி இருக்கும். மெல்லியது, லேசானது, பிடி பிளாஸ்டிக். பல் வைத்ததும் வைக்காததும் ஒரே மாதிரி அட்டையில் வரும், பார்த்து எடுங்கள். சுவீடனின் மோரா கத்தி நல்ல இரும்புதான். ஆனால் பரவலாகக் கிடைக்கும் மாதிரிகள் இரண்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கனம் இருக்கும். வான்கோழிக்கும் வாத்துக்கும் சரி, காடைக்குக் கனம் கூடுதல். பிரான்சின் ஒபினெல் மடக்குக் கத்தி பார்க்க அழகு, மெல்லிய வாய். என்றாலும் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதும், மடங்கும் சந்தில் ரத்தம் போகும். பறவை வேலைக்கு மடக்குக் கத்தி எதுவுமே எனக்குச் சரிப்படவில்லை.

இன்னொன்று உண்டு: இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடில் செய்த கத்தி. சந்தைகளில் டேப் சுற்றிய பிடியோடு கிடைக்கும். கூர் அபாரமாக நிற்கும். ஆனால் மூட்டில் விட்டுத் திருகினால் பளிச்சென்று ஒடிந்துவிடும். துருவும் பிடிக்கும். அறுப்பதற்கு மட்டும் என்று கட்டுப்பாடாக இருப்பவர்கள் வாங்கலாம்.

வேட்டைக் கத்தி வாங்கிய கதை

இரண்டாவது மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. காட்டுப் பச்சைப் பிடி, கறுப்பு வாய், முதுகில் கொக்கி, உறை, திசைகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு வேட்டைக் கத்தி. இணையத்தில் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் முதுகு ஆறு ஏடிஎம் கார்டு கனம். முதல் காடையின் நெஞ்சில் வைத்தேன், அறுபடாமல் உள்ளே அமுங்கியது. கொக்கி தோலில் மாட்டிக்கொண்டு இழுத்த இழுப்பில் பாதிக் காடை கையோடு வந்தது. இரண்டாவது வாரம் கறுப்புச் சாயம் உரியத் தொடங்கியது. இப்போது மச்சான் வீட்டில் தீவன மூட்டை பிரிக்கிறது.

முதுகில் இருக்கும் அந்தக் கொக்கி மான் மாதிரிப் பெரிய விலங்கின் தோலைத் திறப்பதற்கு. வெளிநாட்டில் பறவை வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பழைய மடக்குக் கத்திகளில் வேறொரு கொக்கி இருக்கும். கம்பி மாதிரி மெல்லியது. துப்பாக்கியால் சுட்ட பறவையின் பின்வாய் (எச்சம் வரும் துளை) வழியாக அதை விட்டுக் குடலை மட்டும் சுற்றி வெளியே இழுப்பார்கள், வயிற்றைத் திறக்காமலே சில நாள் தொங்கவிடுவதற்காக. அந்த ஊர்க் குளிரில் அது நடக்கும். நம்ம வெயிலுக்கு அறுத்த கையோடு குடலை எடுத்துவிட வேண்டும். ஆக, கொக்கிக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்வது

கடைக் கத்தி பிடிக்காதவர்களுக்குக் கொல்லப்பட்டறை இருக்கிறது. நெல்லைச் சீமையில் அருவாள் அடிக்காத பட்டறை உண்டா? லாரியின் வில் பட்டையை வெட்டி அடித்துத் தருவார்கள். இரும்பு முதல் தரம். ஆனால் அவர்கள் கைக்கு அருவாள் கனம் பழகிவிட்டது, சொல்லாமல் விட்டால் சின்னக் கத்தியையும் குட்டி அருவாளாகவே அடித்துவிடுவார்கள்.

நான் போய்க் காடைக்கு என்று சொன்னதும் பட்டறை அண்ணாச்சி சிரித்தார். “காடைக்கா? அதுக்கு எதுக்குவே பட்டை இரும்பு? பழைய அரம் கெடக்கு, அதுல சீவித் தாரேன்.” தேய்ந்துபோன அரத்தை எடுத்துத் தணலில் வைத்தார். அரத்தில் கரி அதிகம், அதனால் கூர் நன்றாக நிற்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். தட்டி மெலித்து, தோய்ச்சல் போட்டு (சூட்டோடு முக்கிக் குளிரவைத்து), அப்புறம் மறுபடி லேசாகச் சூடு காட்டினார். வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்துவிட்டார். “இந்த ரெண்டாஞ் சூடு காட்டலன்னா கண்ணாடி மாரி ஒடஞ்சிரும்.” பட்டறையில் சொல்ல வேண்டியதை மறக்காமல் சொல்லுங்கள்: நீளம் நாலு விரல், முதுகு இரண்டு கார்டு, வாய் நேராக, முனை கூராக. கார்டைக் கையில் கொடுத்தே காட்டுங்கள்.

இந்தக் கத்தி துருப்பிடிக்கும். கழுவி அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் செம்புள்ளி. அந்தச் சோம்பேறித்தனம் உள்ளவர்கள் எவர்சில்வரிலேயே இருந்துகொள்ளலாம்.

வாங்கி வரும்போது செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, பைக்கு அடியில் போடுங்கள். நம்ம மாவட்டத்தில் பேருந்தில் பட்டறை இரும்பை வெளியே தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகிவிடும்.

கத்தரி மறக்காதீர்கள்

காடையில் கத்தி செய்யும் வேலை பாதிதான். கால், இறக்கை நுனி, கழுத்து, முதுகெலும்பு இதற்கெல்லாம் கத்தரி. முதுகெலும்பின் இரு பக்கமும் கத்தரித்து எடுத்துவிட்டு, நெஞ்சை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினால் காடை தோசை மாதிரிப் பரந்துவிடும். செங்கோட்டை போகிற வழியில் பார்டர் புரோட்டா கடைகளில் கல்லில் முறுமுறுவென்று காடை கிடக்கிறதே, அதுபோல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேக இந்த விரிப்பு உதவும்.

சமையல் கத்தரி வாங்கும்போது திருகாணியில் இரண்டாகப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிரித்துக் கழுவ முடியாத கத்தரியில் ஒரு வாரத்தில் வாடை வரும். வாய் நீளத்தைவிடப் பிடி நீளமாக இருந்தால் எலும்புக்குச் சக்தி கிடைக்கும். தையல் கத்தரியை எடுத்துவிடாதீர்கள், வீட்டில் நிம்மதி முக்கியம்.

வாங்கிய அன்றைக்கே தீட்டுங்கள்

மலிவுக் கத்தி கடையிலிருந்து வரும்போது அரைக் கூரோடுதான் வரும். இது குறையே இல்லை. நாம்தான் முடித்துக்கொள்ள வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கார்பரண்டம் கல் கிடைக்கும். அது போதும். தெருவில் வரும் சாணைச் சக்கரக்காரரிடம் அருவாளைக் கொடுக்கலாம். இந்த மெல்லிய வாயைக் கொடுத்தால் பொறி பறக்கிற சூட்டில் இரும்பின் கெட்டித்தன்மை போய்விடும், பாதிக் கத்தியும் தேய்ந்து போகும்.

கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரத்துணி விரித்து நகராமல் வையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். எவ்வளவு? 2 சென்டிமீட்டர் அகலக் கத்தி என்றால் முதுகுக்கு அடியில் ஒரு பென்சில் நுழைகிற அளவு. அது சுமார் 20 டிகிரி. காடைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்தும் பிடிக்கலாம். முதல் சில நாள் நிஜமாகவே பென்சிலை வைத்து அளந்து பழகுங்கள், அப்புறம் கையே சொல்லும்.

கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பது மாதிரி, வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள். பிடிப்பக்கம் தொடங்கி முனையில் முடிய வேண்டும். ஒரே பக்கத்தில் பத்துப் பதினைந்து தடவை. பிறகு மறுபக்கத்தில் விரல் நுனியை வாயிலிருந்து வெளிப்புறமாகத் தடவிப் பாருங்கள், வாயின் நெடுக அல்ல, குறுக்கே. மெல்லிய சொரசொரப்பு தட்டும். அதைப் பிசிறு என்போம். முழு நீளத்துக்கும் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். நான் பார்த்த பலர் இந்தப் பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றிவிட்டு, கல் சரியில்லை என்பார்கள். மறுபக்கமும் அதேபோல. பிறகு கல்லைத் திருப்பி நைசுப் பக்கத்தில், அழுத்தமே இல்லாமல், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி.

கடைசியாக ஒரு பீங்கான் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் பளபளப்பு பூசாத வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு ஐந்தாறு முறை லேசாக இழுத்தால் மீந்த பிசிறும் போய்விடும். பின்னால் வாராவாரம் கூர் ஏற்ற இந்தக் கப்பே போதும். கல்லை மாதம் ஒரு முறை எடுத்தால் சரி.

சோதனைக்குச் செய்தித்தாள். ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு விளிம்பில் கத்தியை வைத்து இழுங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் காடைக்குத் தயார். சர் என்று கிழித்தால் மறுபடி கல்.

முதல் காடை

பறவையை அறுத்து, ரத்தம் முழுக்க வடிந்த பிறகு தொடங்குங்கள். புளியமரக் கட்டை இருந்தால் நல்லது, அடியில் ஈரத்துணி. கால்களை மூட்டிலும் இறக்கைகளைக் கடைசி மூட்டிலும் கத்தரியால் எடுத்துவிடுங்கள்.

தோலை உரிக்கப் போகிறீர்கள் என்றால், நெஞ்சின் மேல் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, கத்தி முனையால் ஒரு அங்குலம் கீறுங்கள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விலக்கினால் சட்டையைக் கழற்றுவது மாதிரித் தோல் இறகோடு வந்துவிடும். கழுத்தடியில் தீனி தங்கும் பை ஒன்று உண்டு. அதை விரலாலேயே பிரித்து எடுங்கள்.

இப்போது கத்திக்கு உண்மையான வேலை. காடையை மல்லாக்கப் போட்டு, நெஞ்செலும்பு முடிந்து வயிறு மெத்தென்று தொடங்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே தசையைக் கிள்ளித் தூக்குங்கள். குடலுக்கும் தசைக்கும் நடுவே கொஞ்சம் காற்று நுழையும். கத்தியின் வாய் வானத்தைப் பார்க்க, முனையை நகத்தின் வெள்ளை அளவுக்கு மட்டும் உள்ளே விடுங்கள். ஆள்காட்டி விரல் கத்தியின் பக்கவாட்டில், முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அதுதான் ஆழத்துக்குத் தடுப்பு. அப்படியே மேலே தூக்கியபடி பின்வாய் வரை அறுத்து, பின்வாயைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். சரியான கத்தி என்றால் இந்த இடத்தில் எதிர்ப்பே தெரியாது. அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டுக் கப்பில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வாருங்கள். அழுத்துகிற நேரத்தில்தான் முனை குடலுக்குள் போகும், அல்லது உங்கள் கைக்குள்.

இரண்டு விரலை உள்ளே விட்டால் கெட்டியாக உருண்டையாக ஒன்று தட்டுப்படும். தீனியை அரைக்கும் பை அது. அதைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடல், ஈரல் எல்லாம் ஒன்றாக வரும். ஈரலோடு ஒட்டிக் கரும்பச்சையாக இருப்பது பித்தப்பை. அதைத் தொடாமல், ஈரலில் ஒரு சிட்டிகை போனாலும் பரவாயில்லை என்று தள்ளியே அறுங்கள். உடைந்துவிட்டால் உடனே அந்த இடத்தைக் கழுவி, பச்சை பட்ட சதையைச் சீவி எறியுங்கள், இல்லையென்றால் குழம்பே கசக்கும். அரைக்கும் பையைப் பக்கவாட்டில் கீறி, உள்ளே உள்ள மணலைக் கழுவி, மஞ்சள் தோலை உரித்துவிட்டால் அதுவும் சட்டிக்குப் போகும்.

வாத்துக்கும் கினிக்கோழிக்கும் இதே முறைதான், கூடுதலாக இரண்டு. வாலின் மேல் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கும். வாத்தில் அது பெரிசு, அதைச் சுற்றி ஆழமாகத் தோண்டி எடுக்காவிட்டால் கறியில் வாடை அடிக்கும். அடுத்தது தொடை. எலும்பைக் கத்தியால் தாக்காதீர்கள். தொடையை வெளிப்பக்கமாக வளைத்தால் மூட்டு ‘டக்’ என்று கழன்று வெள்ளையாகத் தெரியும். அந்தச் சந்தில் கத்தியை விட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும். மெல்லிய கத்தி ஒடிவதெல்லாம் இந்த மூட்டைத் தேடாமல் வெட்டுகிறவர்கள் கையில்தான்.

கழுவி வைப்பது

பறவை அறுத்த கத்தியால் அப்படியே வெங்காயம் நறுக்க உட்காராதீர்கள். பச்சைக் கறியில் உள்ள கிருமி வெங்காயப் பச்சடியோடு வயிற்றுக்குப் போகும். சோப்பும் சூடான தண்ணீரும் போட்டு, பிடியையும் வாயும் சேரும் இடத்தையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு ஊறப் போட வேண்டாம். நுரைக்குள் கை விடுகிறவர் யாரோ, அவர் கைக்கு ஆபத்து.

துணியால் துடைத்து, பட்டறைக் கத்தி என்றால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். சில வாரத்தில் இரும்பு சாம்பல் நிறமாக, நீலமாக மாறும். அது துரு இல்லை, தேய்த்து எடுக்காதீர்கள். செம்மண் நிறத்தில் வந்தால்தான் துரு. அதைப் புளி தொட்டுத் தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிடலாம்.

மற்றக் கரண்டிகளோடு இழுப்பறையில் போட்டால் ஒரே நாளில் வாய் போய்விடும். உறை வேண்டும். கடைக் கத்திக்கு அது வந்த அட்டையையே மடித்து டேப் ஒட்டலாம். என்னுடையதற்கு மச்சானின் அம்மா பனை ஓலையில் ஒரு உறை முடைந்து கொடுத்தார், நாலு விரல் நீளம், வாய்ப்பக்கம் இரட்டை ஓலை. அத்தை முடைந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓலை பழுத்துவிட்டது, இன்னும் ஒரு இழைகூட அறுபடவில்லை.